அரக்க ராஜாவுக்கு மணிக்கு எவ்வளவு?

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த மறுவாரமே பேரங்காடிக்குள் இருந்த ஒரு துரித உணவுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். 2013 டிசம்பர். அந்த வருஷ ஆரம்பத்தில்தான் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்திருந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட். மணிக்குக் கணக்குப் போட்டால் 4 ரிங்கிட் 33 சென். எனக்கு மணிக்கு ஐந்து ரிங்கிட் கொடுத்தார்கள். பெரிய மனுஷனாகிவிட்ட நினைப்பில் இருந்தேன்.

கூட வேலை செய்த பையன் ஒருவன் ஒருநாள் பென்டிரைவைக் கையில் திணித்தான். "மச்சான், இதப் பாரு. நம்ம கததான்." வீட்டில் போட்டுப் பார்த்தேன். கொம்பும் இறக்கையுமாக ஓர் அரக்க ராஜா. வேற்றுலகத்தில் நான்கு தளபதிகளோடு நாடு நாடாகப் பிடித்துக்கொண்டிருந்தவன், போரில் தோற்று ஒரு மாயவாசல் வழியே தப்பி ஓடுகிறான். வந்து விழுந்த இடம் டோக்கியோ. கொம்பு போய்விட்டது. பசிக்கிறது. அடுத்த காட்சியில் தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு, கல்லாவுக்குப் பின்னால் நின்று, "உருளைக்கிழங்கு வறுவலும் சேர்த்து எடுத்துக்கொள்கிறீர்களா?" என்கிற மாதிரி சிரிக்கிறான். நானும் அன்று காலையில் அதே சிரிப்பை நாற்பது தடவை சிரித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அதன் பெயர் 'ஹதராக்கு மாவோ-சாமா!' 'வேலைக்குப் போகும் அரக்க ராஜா!' என்று சொல்லலாம். சதோஷி வகாஹாரா எழுதி, 2011 பிப்ரவரியில் டெங்கெகி வரிசையில் முதல் தொகுதி வந்த குறுநாவல் தொடர். அகியோ ஹீராகி அதை மங்காவாக வரைந்தார். 2013இல் 13 பகுதிகளாக அனிமே வந்தது. பென்டிரைவில் இருந்தது அதுதான். சில வருடங்கள் கழித்து கே.எல்.சி.சி. கினோகுனியாவில் ஆங்கில மங்கா தொகுதிகளைப் பார்த்தபோது, பழைய சக ஊழியன் ஒருவனைப் பார்த்த மாதிரி இருந்தது.

போன மாதம் மாமாக் கடையில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தபோது இந்த மங்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. பேச்சு சண்டையாக மாறுவதற்கு ஒரு தே தாரிக் ஆறும் நேரம்கூட ஆகவில்லை. அந்தச் சண்டையை வீட்டுக்கு எடுத்துவந்து யோசித்ததில் எழுதியது இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். 'இசெகாய்' என்றால் வேற்றுலகம். நம் உலகத்துச் சாதாரண ஆள் ஒருவன் லாரியில் அடிபட்டோ, மாயக்குழியில் விழுந்தோ, வாளும் மந்திரமும் உள்ள உலகத்துக்குப் போய்ப் பெரிய வீரனாகிவிடுவது இசெகாய் கதை. 'கியாகு இசெகாய்', அதாவது தலைகீழ் இசெகாய், இதைத் திருப்பிப் போடுகிறது. அங்கே பெரிய ஆளாக இருந்த ஒருவர் நம் உலகத்துக்கு வந்து சாதாரண ஆளாகிவிடுகிறார். முதல் வகை ஆசையைத் தீர்க்கிறது. இரண்டாவது வகை சிரிக்க வைக்கிறது. நம் வாழ்க்கையில் நாம் கவனிக்காமல் செய்கிற காரியங்கள், பஸ் கார்டைத் தட்டுவதும் வாடகை கட்டுவதும், ஓர் அரக்கனோ தேவதையோ செய்யும்போது திடீரென்று வேடிக்கையாகிவிடுகின்றன.

இதை இணையகால இளைஞர்கள் கண்டுபிடித்த சமாச்சாரம் என்று நினைத்தால், ஆயிரம் வருடம் பின்னால் போக வேண்டியிருக்கும்.

ஜப்பானின் மிகப் பழைய உரைநடைக் கதை என்று சொல்லப்படும் 'தகெதோரி மோனொகதாரி', மூங்கில் வெட்டியின் கதை, ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. கிழவர் ஒருவர் ஒளிரும் மூங்கிலுக்குள் விரல் உயரமுள்ள பெண் குழந்தையைக் கண்டெடுக்கிறார். அவள் காகுயா. நிலவுலகத்தைச் சேர்ந்தவள், ஏதோ குற்றத்துக்காகப் பூமிக்கு அனுப்பப்பட்டவள். அவளைக் கட்டிக்கொள்ள ஐந்து பெருந்தலைகள் வருகிறார்கள். ஆளுக்கொரு நடக்காத காரியத்தைச் சொல்லி அனுப்புகிறாள். கடைசியில் நிலவிலிருந்து ஆள் வந்து, இறகு ஆடையைப் போர்த்தி, பூமியின் நினைவையே அழித்து, அவளைக் கூட்டிப் போய்விடுகிறார்கள்.

இதைச் சோகக் கதையாகத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நடுப்பகுதி முழுக்க நகைச்சுவை. குராமோச்சி இளவரசனிடம் ஹோராய் மலையிலுள்ள மணிக்கிளையைக் கொண்டுவரச் சொல்கிறாள் காகுயா. அவன் கடலும் போகவில்லை, மலையும் ஏறவில்லை. ரகசியமாக ஆறு கைவினைஞர்களை வைத்துப் போலிக் கிளை ஒன்றைச் செய்து எடுத்து வருகிறான். கடல் பயணத்தில் பட்ட பாட்டைக் கதை கதையாக அளக்கிறான். கிழவரும் நம்பிவிட்டார், கல்யாணத்துக்கு ஏற்பாடு நடக்கிறது. அந்த நேரம் பார்த்து அந்தக் கைவினைஞர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். எதற்கு? செய்த வேலைக்குக் கூலி இன்னும் வரவில்லையாம். குட்டு உடைகிறது. காகுயா மகிழ்ந்துபோய் அவர்களுக்கு நிறையப் பரிசு கொடுக்கிறாள். திரும்பும் வழியில் இளவரசன் அவர்களைப் பிடித்து ரத்தம் வர அடிக்கிறான்.

எனக்கு இந்தக் காட்சி மிகவும் முக்கியமாகப் படுகிறது. தலைகீழ் இசெகாயின் மூலக்கதையிலேயே, வேற்றுலகப் பெண்ணைக் காப்பாற்றியது வாளோ மந்திரமோ இல்லை, சம்பள பாக்கி. அவள் நிலவுக்குப் போகும்வரை ஒரு வேலையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வேலை செய்தவர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். அந்த வாசலை விருந்தாளி எப்போது தாண்டினார், எப்போது கூலிக்காரர்களின் பக்கம் வந்து நின்றார் என்பதைத்தான் நான் இந்த வகையின் வரலாறாகப் பார்க்கிறேன்.

மங்காவுக்கு வருவோம். 1964. டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்த வருடம். 'ஷோனென் சண்டே' வார இதழில் ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற இரட்டையர் 'ஓபாகே நோ க்யூ-தாரோ'வைத் தொடங்கினார்கள். முட்டையிலிருந்து பொரிந்து வந்த ஒரு குட்டிப் பேய், சாதாரணக் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கிவிடுகிறது. பேய் என்றால் உருமாறத் தெரியவேண்டுமே? இதற்குச் செருப்பு தவிர வேறு எதுவாகவும் மாறத் தெரியாது. நாயைக் கண்டால் நடுங்கும். கிண்ணம் கிண்ணமாகச் சோறு தின்னும். போர் முடிந்து இருபது வருடம்கூட ஆகவில்லை. பசியை நன்றாக நினைவில் வைத்திருந்த பெற்றோர்களின் வீடுகளில், பிள்ளைகள் இந்தச் சோற்றுப் பேயைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாலும் தாங்குகிற அளவுக்கு வீடுகள் நிமிர்ந்துவிட்டன என்பதும் அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது.

1969 டிசம்பரில் அதே ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற பெயரில் 'டோரேமோன்' தொடங்குகிறது. நம்மில் பாதிப் பேர் மலாய் மொழியில் வாசித்த முதல் மங்கா அதுதான். எதிர்காலத்திலிருந்து வந்த ரோபோ பூனை, நோபித்தாவின் மேசை இழுப்பறைக்குள்ளிருந்து ஏறி வந்து, அலமாரிக்குள் படுத்துக்கொள்கிறது. அது எதிர்காலத்திலிருந்து வருவதால், கறாராகப் பார்ப்பவர்கள் இதை இசெகாய் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அமைப்பு ஒன்றுதான்: தன் உலகத்தை விட்டுவந்த ஒருவர், நம் வீட்டின் ஒரு மூலையில் குடியேறுகிறார்.

1978இல் ருமிகோ தகாஹாஷி 'உருசெய் யாட்சுரா'வோடு வந்தார். பூமியைப் பிடிக்க வந்த ஓனிக்கள், ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகளின் கொம்பு வைத்த அரக்கர்கள், இங்கே வேற்றுக்கிரகவாசிகள். பூமியின் விதி ஒரு பிடிச்சு விளையாட்டில் தீர்மானமாகிறது. அத்தாரு என்கிற உருப்படாத பையன் லும்மின் கொம்பைப் பிடித்துவிட்டால் பூமி தப்பும். பிடித்துவிடுகிறான். தன் காதலியை நினைத்துக்கொண்டு 'இனிமேல் கல்யாணம்தான்' என்கிற மாதிரி அவன் கத்த, லும் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு வீட்டோடு வந்துவிடுகிறாள். இதே தொடரில் அண்டவெளி டாக்சி ஒன்றில் ஏறிய அத்தாருவிடம் கட்டணமாகப் பூமியின் எண்ணெய் முழுவதையும் கேட்பார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடியைப் பார்த்த வாசகர்களுக்கு அந்தச் சிரிப்பு எங்கே உறைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1988. ஜப்பானில் காசு பொங்கி வழிந்த காலம். கொசுகே ஃபுஜிஷிமாவின் 'ஆ! மெகாமி-சாமா' தொடங்குகிறது. கெயிச்சி என்கிற மாணவன் சாப்பாடு சொல்லிவிட போன் போடுகிறான். தவறிப்போய்த் தேவலோகத்துக்கு அழைப்பு போகிறது. பெல்டாண்டி என்னும் தேவதை வந்து ஒரு வரம் கேள் என்கிறாள். உன்னைப் போல ஒரு தேவதை என்னோடேயே இருக்க வேண்டும் என்று இவன் விளையாட்டாகச் சொல்ல, அது வரமாகப் பதிவாகிவிடுகிறது. பிறகு அவள் அவனுக்குச் சமைக்கிறாள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். என் தோழி ஒருத்தி இதை வாசித்துவிட்டுக் கேட்டது: "தேவதைக்குச் சம்பளம் உண்டா, இல்ல அம்மா மாதிரியா?" இந்த மங்காவைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையான ஒன்று இல்லை.

பிறகு காற்று இறங்கியது. 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரக் குமிழி உடைந்தது. அதற்கு முன்பே, 1987இல், ரிக்ரூட் நிறுவனத்தின் வேலைவாய்ப்பு இதழான 'ஃபுரோம் ஏ' ஒரு சொல்லைப் பரப்பியிருந்தது: 'ஃபுரீதா'. நிரந்தர வேலைக்குப் போகாமல் பகுதிநேர வேலைகளில் வாழ்கிற இளைஞர். ஆரம்பத்தில் அது கழுத்துப்பட்டை கட்டாத சுதந்திர மனிதனைக் குறித்தது. குமிழி உடைந்த பிறகு அதே சொல், வேறு வழியில்லாதவனைக் குறித்தது. கல்லூரி முடித்துவிட்டு நிரந்தர வேலை கிடைக்காத ஒரு தலைமுறையை 'வேலைவாய்ப்புப் பனியுகத்தின்' பிள்ளைகள் என்றார்கள். 2004இல் தொழிற்சாலை வேலைகளுக்கும் தற்காலிக ஆட்களை அனுப்பச் சட்டம் இடம் கொடுத்தது. 2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது முதலில் வெட்டப்பட்டவர்கள் அவர்கள். வேலையோடு கம்பெனி கொடுத்த தங்குமிடமும் போயிற்று. அந்த ஆண்டின் கடைசி நாளன்று டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் அவர்களுக்காகக் கூடாரங்கள் போட்டார்கள். சுமார் ஐந்நூறு பேர் அங்கே புத்தாண்டைக் கழித்தார்கள். அதே 2008இல், கோபயாஷி தகிஜி 1929இல் எழுதிய 'கனிகோசென்', நண்டு பிடிக்கும் கப்பலின் கூலிகளைப் பற்றிய இடதுசாரி நாவல், எண்பது வருடம் கழித்துத் திடீரென்று விற்றுத் தீர்ந்தது. வாங்கியவர்களில் இளைஞர்கள் அதிகம்.

அந்தப் பின்னணியில் விருந்தாளிகளும் மாறினார்கள். 2006இல் ஹிகாரு நகாமுராவின் 'செயின்ட் ஓனீசான்' தொடங்கியது. புத்தரும் இயேசுவும் விடுமுறைக்குப் பூமிக்கு வந்து தச்சிகாவாவில் ஒரு சின்ன வாடகை வீட்டில் சேர்ந்து தங்குகிறார்கள். புத்தர் காசைப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பார். கடவுளர்களே வாடகையைப் பகிர்ந்துகொள்கிற கட்டத்துக்கு ஜப்பான் வந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் விடுமுறையில் வந்தவர்கள். திரும்பிப் போக இடம் இருக்கிறது.

அரக்க ராஜாவுக்கு இல்லை. ஹிபியா பூங்காவில் கூடாரம் போட்டு இரண்டு வருடம் சொச்சத்தில் அவன் வருகிறான். சசாசுகாவில், குளியலறை இல்லாத பழைய மரவீட்டில், ஆறு பாய் அளவுள்ள ஓர் அறை. 'மாவோ' என்றால் அரக்க ராஜா. எழுத்தை மட்டும் மாற்றிப் போட்டு அதையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டு மாவோ சதாவோ ஆகிறான். அவன் தளபதி அல்சியல், அஷியா என்ற பெயரில் வீட்டோடு இருந்து, தள்ளுபடி முட்டை எங்கே கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கிறான். ராஜா ஓர் ஓட்டை சைக்கிள் வாங்கி அதற்குப் போர்க்குதிரை மாதிரி 'துல்லஹான்' என்று பேர் வைக்கிறான். உலகை வெல்லும் திட்டத்தை அவன் கைவிடவில்லை. முதல் படியாக நிரந்தர ஊழியன் ஆக வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் சிரிக்காதவர்கள் யாருமில்லை. ஆனால் கவனித்துப் பார்த்தால் அவன் கோமாளி கிடையாது. அவன் நல்ல தொழிலாளி. கடைக்கு எந்த நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள், மழை பெய்தால் எது விற்கும் என்று படைநடத்துகிற அதே மூளையோடு யோசிக்கிறான். ஒரு சாம்ராஜ்யத்தை நடத்தியவனின் திறமை முழுவதும் ஒரு பர்கர் கடையின் மாலை நேர விற்பனைக்குள் அடங்கிவிடுகிறது. படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமில்லாத வாசகனுக்கு இது வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது.

மாமாக் கடைச் சண்டைக்கு வருகிறேன். மூன்று கருத்துகள்.

முதலாமவன் சொன்னது: "ஆரம்பத்துல செம்மயா இருந்துச்சு. பர்கர் விக்கிற வரைக்கும் ஓகே. அப்புறம் தேவதூதன், புனித வாள், யெசோத் துண்டுன்னு இழுத்துட்டான். பேசாம கடையிலேயே வெச்சிருக்கலாம்." இது அவன் கருத்து மட்டும் இல்லை, இந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிற பெரும்பாலோர் இதைச் சொல்கிறார்கள். எனக்கும் பாதி உடன்பாடு. கதை வேற்றுலகச் சமாச்சாரங்களைத் தொடும்போதெல்லாம் நூறு மற்ற மங்காக்களைப் போல ஆகிவிடுகிறது. சசாசுகா அறைக்குத் திரும்பும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது. மாவோவுக்கு மந்திர சக்தி திரும்புவது மனிதர்களின் பயத்திலிருந்தும் அவநம்பிக்கையிலிருந்தும். டோக்கியோவில் ஏதாவது இடிந்து விழும்போது அவன் திடீரென்று பழைய ராஜா ஆகிறான். ஆகி என்ன செய்கிறான்? இடிபாடுகளுக்குள் மாட்டியவர்களைக் காப்பாற்றுகிறான். மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே.

இரண்டாமவர் எங்களைவிட மூத்தவர், தீவிர வாசகர். "தம்பி, இதையெல்லாம் இலக்கியத்தோட சேர்த்துப் பேசாதீங்க. ஜப்பான்காரன் வியாபாரம்" என்றார். நான் கேட்டேன்: "அண்ணே, 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்ன வகை?" அவர் தே தாரிக்கைக் கீழே வைத்துவிட்டார்.

புதுமைப்பித்தன் அந்தக் கதையை எழுதியது 1943இல். சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில் கந்தசாமிப் பிள்ளை முன் கடவுள் வந்து நிற்கிறார். பிள்ளை பரவசப்பட்டுக் காலில் விழவில்லை. இருவரும் காபி குடிக்கப் போகிறார்கள், பிறகு பிள்ளை தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கிறார். வீட்டுக்கு வந்த கடவுளுக்குப் பூலோகத்தில் பிழைக்க ஒரு தொழில் வேண்டியிருக்கிறது. தெரிந்த தொழில் ஆட்டம். அதை ஆடிக் காட்டப் போய், ரசனை தெரிந்த பெரிய மனிதரிடம் அவமானப்பட்டுத் திரும்புகிறார். தலைகீழ் இசெகாய் நகைச்சுவைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. புதுமைப்பித்தனை ஜப்பான்காரர் யாரும் வாசித்து எழுதியிருக்கப் போவதில்லை. அங்கேயும் இங்கேயும் ஒரே கேள்வி தனித்தனியாக முளைத்திருக்கிறது. வானத்திலிருந்து யார் இறங்கி வந்தாலும், உனக்கு என்ன வேலை தெரியும் என்றுதான் ஊர் கேட்கும். மூத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுல மொழி இருக்கு" என்றார். அது சரிதான். மங்காவின் மொழி கோட்டில் இருக்கிறது என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. அந்தச் சண்டை இன்னும் பாக்கி.

மூன்றாவது கருத்துதான் என்னை இந்தக் கட்டுரைக்குத் தள்ளியது. தேவதையின் சம்பளத்தைப் பற்றிக் கேட்ட அதே தோழி. "உங்க எல்லாருக்கும் மாவோவதான் புடிக்கும். எனக்கு எமி. அவ ஒருத்திதான் மறக்கல."

எமி என்பவள் எமிலியா, அரக்க ராஜாவைத் தோற்கடித்த வீராங்கனை. அவனைத் துரத்திக்கொண்டு அவளும் டோக்கியோவுக்கு வந்துவிட்டாள். கைப்பேசி நிறுவனம் ஒன்றின் அழைப்பு மையத்தில் வேலை செய்கிறாள். ஒரு மழை நாளில் யாரென்று தெரியாமலே மாவோ தன் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு ஓடுகிறான். பிறகு யாரென்று தெரிந்ததும் அவள் இரவில் அவனைக் கொல்லப் போகிறாள். கையில் இருப்பது நூறு யென் கடையில் வாங்கிய கத்தி. போலீஸ் பிடித்துக் காதலர் சண்டை என்று நினைத்து இருவருக்கும் புத்தி சொல்லி அனுப்புகிறது. நானும் விழுந்து விழுந்து சிரித்த காட்சி. ஆனால் அவள் பக்கம் நின்று பாருங்கள். அவள் ஊர் அழிந்தது இவன் படையால். அப்பாவும் அதில் போய்விட்டார் என்று நம்பி வளர்ந்தவள். இங்கே வந்து பார்த்தால் அந்தப் படையின் தலைவன் எல்லோருக்கும் பிடித்த, பணிவான, உழைப்பாளியான இளைஞன். கூட வேலை செய்கிற பெண்ணுக்கு அவன்மேல் காதல். அவன் யார் என்று அவள் சொன்னால் அவளைத்தான் பைத்தியம் என்பார்கள்.

தலைகீழ் இசெகாயின் முக்கியத் தந்திரம் இந்த உலகத்துக்கு அந்த உலகத்தின் கணக்கு தெரியாது என்பதுதான். அதனால் ராஜாவின் மகுடம் போகிறது, நாம் சிரிக்கிறோம். அதே கையோடு ராஜாவின் குற்றமும் போய்விடுகிறது. அதைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. எமி மட்டும் இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டு, ரயிலில் நின்றபடி வேலைக்குப் போய் வருகிறாள். அவளை 'எப்போ பார்த்தாலும் கத்துறா' என்று சலித்துக்கொள்ளும் வாசகர்கள் நிறைய. நானும் பதினேழு வயதில் அப்படித்தான் சொன்னேன். இப்போது அந்தத் தொகுதிகளைத் திரும்ப வாசித்தால், கோபப்படக் காரணம் உள்ள ஒரே ஆள் அவள்தான் என்று தெரிகிறது. இந்த நகைச்சுவைக்குள் ஆசிரியர் அவளை விட்டுவைத்ததும், அவள் கோபத்தை முதல் தொகுதியோடு தீர்த்துவிடாததும்தான் இந்தத் தொடரை இதன் சகோதரக் கதைகளிலிருந்து உயர்த்துகிறது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். மாவோ டோக்கியோவில் விழுந்தவுடன், மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச மந்திர சக்தியை எதற்குச் செலவழிக்கிறான் தெரியுமா? ஊர் நடப்பைத் தெரிந்துகொள்ள, அடையாளக் காகிதங்கள் எடுக்க, வங்கிக் கணக்கு திறக்க, வீடு பிடிக்க. முதலில் வாசித்தபோது இதைச் சும்மா கடந்துபோனேன். இப்போது தோன்றுகிறது, உண்மையான மந்திரம் இந்தக் காகிதங்களுக்குத்தான் வேண்டும். அதைச் சில பக்கங்களில் தாண்டிவிட முடிந்ததால்தான் இது நகைச்சுவையாக இருக்க முடிகிறது.

ஏனென்றால் இதே காலத்தில் ஜப்பானுக்குள் நிஜமாகவே வேறு உலகங்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். 1990இல் குடிவரவுச் சட்டம் மாறி, பிரேசிலில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். 1993இல் 'தொழில்நுட்பப் பயிற்சி' என்ற பெயரில் சீனாவிலிருந்தும், பிறகு வியட்நாமிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். காகிதத்தில் பயிற்சி பெறுபவர்கள், நடைமுறையில் தொழிலாளிகள். 2019 ஏப்ரலில்தான் வேலைக்கென்றே புதிய விசா வந்தது. டோக்கியோவின் கடைகளில் இரவு நேரத்தில் கல்லாவில் நிற்பவர்களில் பலர் வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆனால் நான் வாசித்த தலைகீழ் இசெகாய் மங்காக்களில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவன் எப்போதும் ஐரோப்பியக் கோட்டை கொத்தளங்களிலிருந்துதான் வருகிறான். சீக்கிரமே தடையில்லாமல் ஜப்பானியமும் பேசிவிடுகிறான். ஹனோயிலிருந்தோ டாக்காவிலிருந்தோ வருவதில்லை. மாரி யமசாக்கியின் 'தெர்மே ரோமே'யில் (2008) பண்டைய ரோமின் குளியல் கட்டடக் கலைஞன் ஜப்பானியக் குளியல் வீட்டில் முளைத்து ஒவ்வொன்றையும் பார்த்து வியந்துபோகிறான். நல்ல மங்கா, நிறையச் சிரித்தேன். ஆனால் விருந்தாளி வந்து வீட்டைப் புகழ்ந்துகொண்டே இருந்தால், புகழ்வதற்காகவே அவனை வரவழைத்தார்களோ என்ற சந்தேகமும் வரும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் வேலை பார்த்த கடையிலும் அப்படி ஒருவர் இருந்தார். பங்களாதேஷிலிருந்து வந்தவர், நாற்பதை நெருங்கியவர். நாங்கள் எல்லோரும் அவரை 'அபாங்' என்போம். மேலாளர் மட்டும் 'ஹோய்' என்று கூப்பிடுவார். எண்ணெய்ச் சட்டிகளைக் கழுவுவது, தரை துடைப்பது, குப்பை கொண்டுபோய்ப் போடுவது அவர் வேலை. சாவிக்கொத்தில் ஒரு விசில் தொங்கும். எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. இரண்டு மாதம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தேன். இரவில் வீட்டுக்குப் போய், வேற்றுலக அரக்கன் முன்பு எவ்வளவு பெரிய ஆளாக இருந்தான் என்று ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் பிறந்தநாள் விழா. முப்பது பிள்ளைகள். தரை ஈரமாக இருக்கிறது; பிள்ளைகள் ஓடுகிறார்கள்; ஒருவன் மேசைமேல் ஏறிவிட்டான். பெற்றோர் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் மலாயில் கத்துகிறோம், ஆங்கிலத்தில் கத்துகிறோம், யாரும் கேட்கவில்லை. திடீரென்று விசில் சத்தம். நீளமாக ஒன்று. மொத்தக் கடையும் நின்றுவிட்டது. அபாங் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, ஒரு கையை மேலே தூக்கி, மறு கையால் சுவரோரம் காட்டினார். முப்பது பிள்ளைகளும் போய் வரிசையில் நின்றார்கள். மேசையில் ஏறியவன் தானாக இறங்கினான். அந்த சில வினாடிகள் அவர் வேறு ஆள்.

அவர் ஊரில் கால்பந்து நடுவர். பக்கத்து ஊர்களிலும் இறுதி ஆட்டம் என்றால் வந்து கூட்டிப் போவார்களாம். அன்றைக்குத்தான் கேட்டேன், அன்றைக்குத்தான் சொன்னார்.

அதற்குள் மேலாளர் வந்து, வாடிக்கையாளர் முன்னால் என்ன இது, நாளையிலிருந்து இதை வேலைக்குக் கொண்டுவரக் கூடாது என்று சத்தம் போட்டார். அபாங் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். மேலாளர் திரும்பி நடந்தார். நான்கு அடி போயிருப்பார். அபாங் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து சிவப்பாக ஒரு சில்லி சாஸ் பாக்கெட்டை எடுத்து, அவர் முதுகுக்கு நேராக உயரத் தூக்கிப் பிடித்தார்.